தலைவர் வருவார் என்று எழுதிக் கொடுத்தேன்

எந்தக் கட்சி, எந்தத் தலைவர் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்தக் கட்சிக்காரர்கள் மட்டும் கோபித்துக்கொள்வார்கள், மற்ற கட்சிக்காரர்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள். ஒருவரும் சிரிக்கக் கூடாது. உயிரோடு இருக்கிற மனிதருக்கு நடுத்தெருவில் சிலை வைக்கிற ஆசை எல்லாக் கட்சியிலும் இருக்கிறது. வாய்ப்புக் கிடைக்காததால் சிலர் கொஞ்சம் யோக்கியமாகத் தெரிகிறார்கள், அவ்வளவுதான்.

எண்பதுகளின் கடைசியில் கல்யாணமாகி, அம்பத்தூருக்கும் திருமுல்லைவாயிலுக்கும் நடுவே புதிதாக மனை போட்டிருந்த ஒரு பகுதிக்கு வந்தேன். தெரு என்று மரியாதைக்குச் சொல்லலாம். மழைக்காலத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பஸ் ஸ்டாப்புக்குப் போக வேண்டும். எல்லார் வீட்டிலும் போர் போட்டிருந்தார்கள், எல்லார் வீட்டிலும் உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, தலைக்குக் குளித்தால் முடி கயிறு மாதிரி ஆகிவிடும். அந்தப் பகுதி முழுவதற்கும் நல்ல தண்ணீர் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மூன்று தெருக்கள் கூடுகிற முனையில் இருந்த அடிபம்பு.

அந்த இடத்தைக் காட்டியது என் எதிர்வீட்டு அக்கா. எங்கள் மனைகள் எல்லாம் ஒரு காலத்தில் ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல். அக்காவின் அப்பாவும் அம்மாவும் அதில் கூலி வேலை செய்தவர்கள், அக்காவும் சின்ன வயதில் அங்கே நாற்று நட்டவர். வயல் போய் மனையானதும் அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பம்பு போட வண்டி வந்தபோது வண்டிக்காரர்கள் கோயில் பக்கம் துளை போடப் போனார்களாம். அக்கா குறுக்கே போய் நின்றிருக்கிறார்.

“இந்த மொனைய உட்டு எங்க போட்டாலும் உப்புதான் வரும் நைனா. இந்த எடத்துல ஒரு கெணறு இருந்துச்சி. நாத்து நட்டுகினு இருக்கசொல்ல அதுலதான் தண்ணி குடிப்போம். எனக்குத் தெரியாதா?”

தண்ணீர் இளநீர் போல வந்தது. இதை அக்கா பெருமையாகச் சொல்லவே மாட்டார். மற்றவர்கள்தான் சொல்வார்கள்.

எனக்குக் காலை ஆறு மணி ஷிப்ட். எஸ்டேட்டில் மின்சார ஸ்விட்ச் செய்யும் ஒரு கம்பெனியில் அசெம்பிளி பிரிவில் இருந்தேன். விடியுமுன் பம்புக்கு வரிசை ஆரம்பித்துவிடும். நான் போவதற்குள் அக்கா என் குடத்தைத் தன் குடத்துக்குப் பின்னால் வைத்திருப்பார். யாராவது முணுமுணுத்தால், “அந்தப் பொண்ணு வேலைக்குப் போவுது, நீ இன்னா கலெக்டர் ஆபீசுக்கா போற?” என்று ஒரு போடு போடுவார். எனக்காக அடித்தும் கொடுப்பார். அந்த ஊரில் வீட்டுக்கு வெளியே எனக்கென்று இருந்த ஒரே ஆள் அவர்தான்.

நான் ஆவடியில் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பாவுக்குப் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை, சொந்த ஊர் தெற்கே. பெரிய அதிகாரி யாராவது வருகிறார் என்றால் இரண்டு நாளைக்கு முன்பே தெரிந்துவிடும். மரங்களுக்கு இடுப்பு வரை சுண்ணாம்பு அடிப்பார்கள். ரோட்டோரக் கல்லுக்கு ஒன்று விட்டு ஒன்று காவி அடிப்பார்கள். எரியாத விளக்கு எரியும். அதைப் பார்த்து வளர்ந்ததால் பெரியவர் வந்தால் நல்லது நடக்கும் என்பது எனக்குள் வாய்ப்பாடு மாதிரி பதிந்துபோயிருந்தது. பெரியவர் வராமலே நல்லது நடக்க வேண்டாமா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தும் தோன்றவில்லை.

மாங்காட்டில் என் நாத்தனார் தெருவிலும் அதுதான் நடந்தது. ஒரு கல்யாணத்துக்கு மந்திரி வருகிறார் என்றதும் மூன்றே நாளில் தார் ரோடு வந்தது. நான் போய்ப் பார்த்தேன். அந்த ரோட்டில் செருப்பில்லாமல் நடந்து பார்த்துவிட்டு வயிற்றெரிச்சலோடு வீட்டுக்கு வந்தேன்.

இந்த வயிற்றெரிச்சல் ஆறுவதற்குள் வட்டம் வந்தார். கட்சியின் வட்டச் செயலாளர். எங்கள் தெருவில் அவருக்குப் பெயரே வட்டம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பம்படியில் பெண்கள் கூட்டமாக இருக்கும் நேரம் பார்த்து, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். தலைவருக்கு நம் பகுதியில் முழு உருவச் சிலை வைக்கப்போகிறோம் என்றார். மூன்று தெருவும் கூடுகிற இந்த இடம்தான் எடுப்பாக இருக்கும், பம்பைப் பத்தடி தள்ளிப் போட்டுத் தருகிறோம் என்றார்.

அக்கா கைப்பிடியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “செத்தவங்களுக்குத்தானே நைனா செல வைப்பாங்கோ? அவருதான் நல்லா கீறாரே. உசுரோட கீறவங்க போட்டோவுக்கு மால போட்டாலே ஊட்டுக்கு ஆவாதும்பாங்கோ.”

வட்டம் இதற்காகவே காத்திருந்த மாதிரி சிரித்தார். “அங்கதான் அக்கா விசயமே கீது. செத்தவரு செலயத் தொறக்க யாரு வருவா? எவனாவது ஒருத்தன் வந்து கயித்த இஸ்துட்டு, போண்டா துன்னுட்டுப் போயிடுவான். உசுரோட கீற தலைவரு செலன்னா தலைவரே நேர்ல வருவாரு. தலைவரு வராரு, தெருவுல தார் போடாம உடுவாங்களா? பைப்பு போடாம உடுவாங்களா? லைட்டு?”

அந்த இடத்திலேயே நான் விழுந்துவிட்டேன். மற்றவர்களும் விழுந்தார்கள், ஆனால் நான்தான் முதலில். என் கண் முன்னால் மாங்காட்டுத் தார் ரோடு ஓடியது. வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டால் ஒரு அடிபம்புக்காக ஏன் அழ வேண்டும் என்று கணக்குப் போட்டேன். தலைவர் மேல் எங்களுக்குப் பக்தியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவர் வருகிற வழியைத்தான் நாங்கள் விரும்பினோம்.

பகுதி மக்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று ஒரு கடிதம் வேண்டும் என்றார் வட்டம். யார் எழுதுவது என்று ஒருவரை ஒருவர் பார்த்தபோது நானே முன்னால் போய் நின்றேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். பள்ளியில் பரிசு வாங்கிய கையெழுத்து. அக்கா வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, முழு வெள்ளைத் தாளில் ஓரம் விட்டு மடித்து எழுதினேன். “எங்கள் பகுதியில் தலைவர் அவர்களின் திருவுருவச் சிலை அமைய வேண்டும் என்று மனமுவந்து கேட்டுக்கொள்கிறோம். அவ்விடத்தில் உள்ள அடிபம்பை அகற்றிக்கொள்வதில் எங்களுக்கு எவ்வித ஆட்சேபனையும் இல்லை.” வட்டம் சொன்னது வெறும் ஆட்சேபனை இல்லை என்பதுதான். மனமுவந்து என்பது நான் போட்டது. கடிதம் அழகாக இருக்க வேண்டும் என்று போட்டேன்.

அக்கா மட்டும் ஒப்பவில்லை. “பம்ப புடுங்கின பொறவு அவரு வர்ல, அப்ப இன்னா பண்ணுவ?” என்றார்.

“உங்களுக்குத் தெரியாதுக்கா. எங்க குவார்ட்டர்ஸ்ல நான் எத்தனை தடவை பாத்திருக்கேன். பெரிய ஆளு வந்தா எல்லாம் தானா நடக்கும்” என்றேன்.

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். “படிச்ச பொண்ணு சொல்ற. சரி” என்று கட்டை விரலை நீட்டினார். மை டப்பா இல்லை. என் பேனாவின் ரீஃபிலைப் பிடுங்கி, அக்காவின் விரலில் நானே மையைத் தேய்த்து, தாளில் அழுத்தினேன். பம்பு அடித்து அடித்துக் காய்ப்பேறிய விரல், ரேகையே சரியாக விழவில்லை. இரண்டாவது தடவை அழுத்த வேண்டியிருந்தது.

பம்பைப் பிடுங்க அரை நாள்கூட ஆகவில்லை. வாக்குக் கொடுத்தபடி பத்தடி தள்ளித் துளை போட்டார்கள். முதலில் துருத் தண்ணீர் வந்தது, பிறகு உப்பு வந்தது, நாலாவது நாள் வெறும் காற்று வந்தது. அக்கா அதைப் பார்க்கக்கூட வரவில்லை. பழைய இடத்தில் மளமளவென்று பீடம் எழும்பியது. மூன்று படி, கருங்கல், சுற்றிலும் கம்பி வேலி. ஒரு நாள் லாரியில் வைக்கோல் மெத்தை போட்டுத் தலைவர் வந்து இறங்கினார். ஏற்றி நிறுத்தி, திறப்பு விழா வரை யாரும் பார்க்கக் கூடாது என்று தலையிலிருந்து கால் வரை சாக்கு சுற்றி, கழுத்தில் ஒரு கயிறும் இடுப்பில் ஒரு கயிறும் கட்டினார்கள். நீட்டிய கை மட்டும் சாக்குக்குள் அடங்கவில்லை. அதற்குத் தனியாக ஒரு பையை மாட்டினார்கள்.

தேதி கேட்டிருக்கிறோம் என்றார் வட்டம். ஆடி போகட்டும் என்றார். மழை நிற்கட்டும் என்றார். தை பிறக்கட்டும் என்றார். தலைவர் ஒரு தடவை ஆவடி ரோட்டில் காரில் போனார். அந்த ரோட்டின் ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் கோடு போட்டிருந்தார்கள். எங்கள் தெருப் பக்கம் கார் திரும்பவே இல்லை. வெள்ளைக் கோடு எங்கள் முனைக்கு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே நின்றுபோயிருந்தது.

தண்ணீருக்கு இப்போது ரயில் பாதையைத் தாண்டிப் போக வேண்டும். அந்தப் பக்கம் ஒரு பம்பு இருந்தது. அங்கே இருக்கிற பெண்கள் எங்களைப் பார்த்தாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அதிலும் தப்பில்லை. அவர்கள் தண்ணீரை நாங்கள் பங்கு கேட்டால் அவர்கள் என்ன ஆரத்தியா எடுப்பார்கள்? தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று குடம் தூக்கிக்கொண்டு ஜல்லிக்கல் மேட்டில் ஏறி, மின்சார ரயில் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்து, தண்டவாளத்தைத் தாண்டி இறங்க வேண்டும்.

ஐப்பசியில் ஒரு காலை அக்கா அந்த மேட்டில் விழுந்தார். ரயில் இல்லை, ஒன்றும் இல்லை, நனைந்த கல் ஒன்று காலடியில் உருண்டது. நான் ஷிப்டில் இருந்தேன். அன்று நான் கிளம்பிப் போனதும் முதலில் எனக்கு ஒரு குடம் கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டு, தனக்கு எடுக்க இரண்டாம் நடை போயிருக்கிறார். மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அந்தக் குடம் மூடி போட்டு என் வாசலில் இருந்தது. அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தார்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. பிளேட் வைத்தார்கள். ஒரு கால் குட்டையாகிவிட்டது. நின்று செய்கிற வேலை என்பதால் கம்பெனியில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நாள் பூராவும் ஓடிக்கொண்டிருந்த பெண்பிள்ளை வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார். எந்தப் படியில் உட்கார்ந்து நான் கடிதம் எழுதினேனோ அதே படி. அங்கிருந்து பார்த்தால் தெரு முனையில், கழுத்தில் கயிற்றோடு, தலைவர்.

எனக்கு வெறி பிடித்த மாதிரி இருந்தது. தெருப் பெண்கள் பதினைந்து பேரைத் திரட்டிக்கொண்டு, நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். சிலையை எடுங்கள், எங்கள் பம்பைக் கொடுங்கள் என்று கத்தினேன். நன்றாகவே கத்தினேன், வாசலில் நின்றவர்கள் எல்லாம் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி கோபப்படவே இல்லை. பியூனைக் கூப்பிட்டு ஒரு ஃபைலை எடுத்துவரச் சொன்னார். நாடாவை அவிழ்த்து ஒரு தாளை எடுத்தார். ஓரம் விட்டு மடித்த முழு வெள்ளைத் தாள்.

“இதுல என்ன எழுதியிருக்கு பாருங்கம்மா. மனமுவந்துன்னு எழுதியிருக்கு. நாங்க யாராவது உங்களை வற்புறுத்தினோமா?” என்று, அந்த ஒரு வார்த்தையின் மேல் விரலை வைத்துக் காட்டினார். “யாரு எழுதினது இது? எழுத்து முத்து முத்தா இருக்கு.”

என் கூட வந்த பதினைந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருத்திகூட என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. கடிதத்தின் அடியில் அக்காவின் கட்டைவிரல், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தடவை பதிந்து, வெறும் நீலக் கறையாக இருந்தது.

அப்புறம் தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. வட்டமும் கூடவே மாறினார், வேட்டிக் கரையை மாற்றிக்கொண்டு எங்கள் முனையிலேயே புதுக் கொடி ஏற்றினார். இனிமேலாவது சிலையை எடுப்பார்கள் என்று நினைத்தோம். தொட்டால் கலவரம் வரும் என்றார்கள். திறந்தாலும் கலவரம் வருமாம். யாரோ ஒரு நாள் சாக்கைக் கிழித்துவிட்டுப் போனார்கள். அதற்குத் தலைவர் கட்சிக்காரர்கள் பஸ் மேல் கல்லெறிந்தார்கள். உடனே சிலைக்குப் போலீஸ் காவல் போட்டார்கள். ஒரு நாற்காலி, ஒரு கான்ஸ்டபிள், இருபத்து நாலு மணி நேரமும். எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் திருட்டுப் போனபோது எட்டிப் பார்க்காத போலீஸ், சாக்குமூட்டைக்கு முறை வைத்துக் காவல் இருந்தது. மழையில் சாக்கு இற்றுப்போனால் ஆள் வந்து புதுச் சாக்கு கட்டிவிட்டுப் போவார்கள். எங்கள் தெருவுக்கென்று அரசாங்கம் தவறாமல் செய்த காரியம் அது ஒன்றுதான்.

தலைவர் ஏன் வரவில்லை என்பதும் கடைசியில் தெரிந்தது. ரேஷன் கடை வரிசையில் வைத்து வட்டமே சொன்னார். இப்போது கட்சி வேறு அல்லவா, தாராளமாகச் சொன்னார். “அவரு ஊட்ல ஜோசியர் வாணாம்ட்டாராம் தங்கச்சி. உசுரோட இருக்கசொல்ல தன் செலயத் தானே தொறந்தா ஆயுசு கொறையுமாம்.”

நான் சர்க்கரைப் பையை வாங்கிக்கொண்டு வரிசையை விட்டு நகர்ந்தேன். அக்கா பம்படியில் சொன்னது இதைத்தானே? கைநாட்டு வைக்கிற பெண்பிள்ளை சொன்னபோது அது மூடநம்பிக்கை. அதையே தலைவர் வீட்டில் சொன்னால் அது ஜாக்கிரதை. அவருடைய ஆயுசு அவருக்கு வெல்லம். எங்கள் ஆயுசு ஜல்லிக்கல் மேட்டில் உருண்டால் யாருக்கு என்ன?

இன்றைக்கும் யாராவது, நல்லது செய்த தலைவருக்கு அவர் கண்ணாலேயே பார்க்கும்படி சிலை வைத்தால் என்ன தப்பு என்று என்னிடம் நியாயம் பேசினால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. செத்தவருக்கு வைப்பது ஞாபகம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இருக்கிறவருக்கு வைப்பது வெறும் மனு. வட்டத்துக்குப் பதவி வேண்டும், எங்களுக்குக் குழாய் வேண்டும், ஆளுக்கொரு வேண்டுதலைக் கல்லாக்கி நடுத்தெருவில் நிறுத்தினோம். அவர் நல்லது செய்தவர் என்றே வைத்துக்கொள்வோம். நல்லது செய்தவரின் காலடியில் ஏன் எங்கள் கிணறு புதைய வேண்டும்?

இந்தக் கோபத்தையெல்லாம் நான் அக்காவிடம்தான் கொட்டுவேன். வேறு எங்கே கொட்டுவது? தினமும் காலையில் அக்கா வீட்டுக்கும் சேர்த்து இரண்டு நடை போய்த் தண்ணீர் கொண்டுவருவேன். குடத்தை இறக்கி வைக்கும்போதே ஆரம்பித்துவிடுவேன். வட்டத்தைத் திட்டுவேன், அதிகாரியைத் திட்டுவேன், தலைவரை வம்சத்தோடு திட்டுவேன். அக்கா கேட்டுக்கொண்டே கீரை ஆய்வார். அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் பேசவில்லை, கம்பெனியில் வேலை போன அன்றும் பேசவில்லை. போகப்போக, அவர் அதை மறந்தேவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளத் தொடங்கியிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு சித்திரை மத்தியானம். எனக்கு வார விடுமுறை. தார் போடாத தெருவில் கால் வைக்க முடியாத வெயில். அக்கா வழக்கம்போல் படியில் இருந்தார், நான் உள்ளே அடுப்படியில் அவருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். சிலைக் காவலுக்கு அன்று வந்திருந்த கான்ஸ்டபிள் புது ஆள். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?”

நான் கரண்டியோடு வெளியே வந்தேன். ஏழெட்டு வருஷத்து ஆத்திரமும் அந்த மனிதர் தலையில் இறங்கியது. “தண்ணியா? இந்த ஊர்ல தண்ணி எங்க இருக்கு தெரியுமா? நீங்க காவல் காக்கறீங்களே, அந்த ஆளோட காலுக்குக் கீழ இருக்கு! போங்க, போய் அவரையே கேளுங்க. கை நீட்டிக்கிட்டுத்தானே நிக்கறாரு, ஊத்துவாரு!” என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அக்கம்பக்கத்து ஜன்னல்கள் திறந்தன. அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் ஒரு அடி பின்னால் போனார்.

“ஏம்மே” என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. நீட்டிய காலைத் தடவிக்கொண்டே சொன்னார். “நீ எழுதிக் குடுத்ததுக்கு அவரு இன்னா பண்ணுவாரு? தண்ணி குடுத்தனுப்பு.”

நான் உள்ளே போனேன். குடத்தில் பாதிதான் இருந்தது, காலையில் தண்டவாளம் தாண்டிக் கொண்டுவந்தது. சொம்பில் மொண்டு எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். கை மாறும்போது ஒரு வாய் தண்ணீர் வாசல் மண்ணில் சிந்தியது. அவர் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, நல்ல தண்ணீர் என்றார். இன்னொரு சொம்பு கிடைக்குமா என்று கேட்டார்.